இடிக்க வாங்கிய வீடு

போன வருசம் நாங்கள் ஒரு பழைய வீட்டை வாங்கினோம். குடியிருக்க அல்ல, இடிக்க. கோயமுத்தூரிலிருந்து கிழக்கே, சூலூர் தாண்டி, பஸ்ஸை விட்டு இறங்கிப் பத்து நிமிசம் நடந்தால் வருகிற ஊர். ஊர்ப் பெயரை எழுதவில்லை. பயம் ஒன்றுமில்லை. பெயரை எழுதினால் அந்த ஊரில் மட்டும்தான் இப்படி என்று படிக்கிறவர்கள் நிம்மதி அடைந்துவிடுவார்கள்.

ஏழேகால் சென்ட் இடம். அதில் ஒரு ஓட்டு வீடு. முன்னால் திண்ணை, அப்புறம் ஆசாரம், அடுத்து சமையல்கட்டு, அதற்கும் பின்னால் பொடக்காலி, ஓரத்தில் கட்டுத்தரை. ஒன்றரை அடி கனத்தில் மண்சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு. எங்கள் சனம் மண் மிதித்துக் கட்டிய வீடு. கட்டி முடித்த பிறகு எங்கள் சனம் உள்ளே போகாத வீடு. இதை என்ன செய்வது என்பதில் எனக்கும் அம்மாவுக்கும், எனக்கும் தோழர்களுக்கும், கடைசியில் என் மனசுக்குள்ளேயே நடந்த வழக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். பார்க்க வீட்டுச் சமாச்சாரம் மாதிரி இருக்கும். ஆனால் கேள்வி பெரியது: நம்மைத் தள்ளி வைத்த ஒன்றை நாம் விலை கொடுத்து வாங்கிவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடுமா?

முதலில் வாங்கிய கதை. இரண்டு வருசம் தேடினோம். 2009-இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு அரசு வேலைக்குப் போன தலைமுறை என் தம்பி. எங்கள் குடும்பத்தில் சம்பளச் சீட்டைப் பார்த்த முதல் ஆள். அந்தச் சீட்டைக் காட்டினால் பேங்கில் கடன் கொடுக்கிறார்கள். மனை கொடுக்கத்தான் ஆள் இல்லை.

கொங்கு நாட்டில் மரியாதை ஜாஸ்தி. "நீ என்ன சாதி" என்று புரோக்கர் கேட்கமாட்டார். "ஏனுங்க அம்மிணி, உங்களுக்கு எந்த ஊருங்க?" என்பார். அடுத்து, "அங்க யாரு வூடுங்க?" அப்புறம், "என்ன கூட்டமுங்க?" கூட்டம் என்றால் கவுண்டர்களுக்குள் இருக்கிற குலப்பிரிவு. அதற்குப் பதில் இல்லையென்றால், "குலதெய்வக் கோயல் எந்தப் பக்கமுங்க?" நாலு கேள்வி. ஒன்றில்கூடச் சாதி என்ற வார்த்தை கிடையாது. நாலாவது கேள்வி முடிந்ததும் அந்த மனை "நேத்துத்தானுங்க அட்வான்ஸ் ஆயிப்போச்சு." ஓர் இடத்தில் நாங்கள் கொடுத்த அட்வான்ஸையே மூன்றாம் நாள் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு ரூபாய் குறையவில்லை. "வூட்ல பெரியவங்க ஒத்துக்க மாட்டேங்கறாங்க அம்மிணி, தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார்கள். வேறு எப்படி நினைப்பது என்று சொல்லவில்லை.

சட்டம் இல்லையா என்று மாணவத் தோழர்கள் கேட்பார்கள். இருக்கிறது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு வந்த திருத்தம் 2016 ஜனவரியில் அமலுக்கு வந்தது. ஒருவரோடு தொழில், கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள மறுப்பதைப் பொருளாதாரப் புறக்கணிப்பு என்று அது சொல்கிறது. ஆனால் "பெரியவங்க ஒத்துக்கலீங்க" என்பதை எந்த ஸ்டேசனில் எழுதிக் கொடுப்பது? அட்வான்ஸை மரியாதையாகத் திருப்பித் தந்ததற்கா கேஸ் கொடுப்பது?

ஒரு தோழர் என்னோடு வாதம் செய்தார். "அவன் சொத்து. யாருக்கு விக்கறதுங்கறது அவன் இஷ்டம். அதுல நீ எப்படித் தலையிட முடியும்?" நான் யோசித்துப் பார்த்தேன். இஷ்டம் என்றால் ஆளுக்கு ஆள் மாற வேண்டும். ஒருத்தனுக்கு என் மூஞ்சி பிடிக்காது, ஒருத்தனுக்கு என் பணம் பிடிக்கும். தெருவில் இருக்கிற நாற்பது வீட்டுக்காரருக்கும் ஒரே இஷ்டம் என்றால் அதற்குப் பெயர் இஷ்டமா? அது எழுதப்படாத சட்டம்.

அமெரிக்காவில் இதை எழுதியே வைத்திருந்தார்கள். செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஒரு தெருக்காரர்கள் 1911-இல் ஒப்பந்தம் போட்டார்கள், கறுப்பர்களுக்கு வீடு கொடுப்பதில்லை என்று. 1945-இல் ஷெல்லி என்ற கறுப்பினக் குடும்பம் அங்கே ஒரு வீட்டை வாங்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1948-இல், இப்படிப்பட்ட ஒப்பந்தத்தை எந்த நீதிமன்றமும் அமல்படுத்திக் கொடுக்கக்கூடாது என்று தீர்ப்பு வந்தது. எழுத்தில் இருந்ததால் எதிர்த்து நிற்க ஒரு காகிதம் இருந்தது. இங்கே நிலைமை வேறு. அகமதாபாத்தில் ஒரு பார்சி வீட்டுவசதிச் சங்கம் தன் ஆட்களுக்கு மட்டும்தான் இடம் என்று விதி வைத்திருந்தது. அது செல்லும் என்று 2005-இல் நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. எங்கள் ஊர்ப் பக்கம் அந்த விதியைக்கூட எழுத வேண்டியதில்லை. புரோக்கர் வாயிலேயே இருக்கிறது.

இதையும் சேர்த்து யோசியுங்கள். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமன்ஹீரின் அறிக்கைக்குப் பிறகு 1892-இல் வெள்ளைக்காரன் அரசு நம் சனத்துக்குப் பஞ்சமி நிலம் ஒதுக்கியது. பத்து வருசத்துக்கு யாருக்கும் விற்கக்கூடாது, அப்புறம் விற்றாலும் தாழ்த்தப்பட்டவருக்கே விற்க வேண்டும் என்று நிபந்தனை. அந்த நிலம் எங்கே போனது? அதை மீட்கக் கேட்டதற்குத்தான் 1994 அக்டோபர் 10-ஆம் தேதி செங்கல்பட்டில் துப்பாக்கிச்சூடு நடந்தது. ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். நம்மிடமிருந்து வாங்கக்கூடாது என்று சட்டம் சொன்ன நிலத்தை வாங்க அவர்களுக்குத் தடை இருக்கவில்லை. நாம் வாங்கலாம் என்று சட்டம் சொல்கிற மனையை வாங்கத்தான் நமக்கு இத்தனை தடை.

அப்படியிருக்க இந்த வீடு மட்டும் எப்படிக் கிடைத்தது? விற்றவர்கள் நல்லவர்கள் என்று ஆரம்பத்தில் நினைத்தேன். பிள்ளைகள் வெளிநாட்டில், பெரியவர் டவுனில், வீடு பூட்டிக் கிடந்தது. விலையும் அந்த ஊர் விலையில் மூன்றில் இரண்டு பங்குதான். காரணம் அப்புறம் தெரிந்தது. மனைக்குத் தெற்கே வளவு. அருந்ததியர் வளவு. "பின்னாடி காலனிங்க, அதனால நம்மாளுக யாரும் வாங்க மாட்டேங்கறாங்க" என்று புரோக்கரே ஒருநாள் வாய் தவறிச் சொன்னார்.

அதாவது, எங்கள் சனம் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகக் குறைந்த விலை, எங்கள் சனமாகிய எனக்கு லாபமாக வந்தது. தீண்டாமை எனக்குக் கொடுத்த தள்ளுபடி அது. இதை வாங்கலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் புழுங்கினேன். தம்பி சொன்னான்: "அக்கா, தீண்டாமையால நாம இழந்ததுக்குக் கணக்கே இல்ல. ஒரே ஒரு தடவ அது நமக்குக் கொறச்சுக் குடுக்குது. வாங்கிக்கலாம்." வாங்கினோம். அவன் சொன்னது நியாயமா என்று இன்னமும் எனக்குத் தெளியவில்லை.

பத்திரம் போடுகிற இடத்தில் அடுத்த சங்கதி. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக மொத்தம் 9. அதைக் கட்ட அம்மாவின் நகை போனது. அதை விடுங்கள். பத்திர எழுத்தர் மூலப்பத்திரத்தை விரித்து வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார். 1958-ஆம் வருசத்துப் பத்திரம். நான் எட்டிப் பார்த்தேன். நான்கெல்லை எழுதியிருந்தது. வடக்கே ஊர்ப் பொது வீதி. கிழக்கே இன்னார் மகன் இன்னார் கவுண்டர் வீடு. மேற்கே இன்னார் மகன் இன்னார் கவுண்டர் காலியிடம். தெற்கே சக்கிலியர் வளவு.

கிழக்கேயும் மேற்கேயும் ஆள் இருந்தார்கள், அப்பன் பேரோடு. தெற்கே ஆள் இல்லை. அன்றைக்கும் அங்கே பத்துக் குடும்பமாவது இருந்திருக்கும். குழந்தை பெற்றிருப்பார்கள், செத்திருப்பார்கள். பத்திரத்துக்கு அவர்கள் ஒரு வேலி. நான் எம்.ஏ. தமிழ் படித்தவள். கல்வெட்டையும் ஓலையையும் வரலாறு என்று சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் வரலாறு எங்கே எழுதியிருக்கிறது என்று அப்போதெல்லாம் தேடியிருக்கிறேன். இதோ, இருபது ரூபாய் பெறாத பழைய முத்திரைத்தாளில் இருந்தது. அடுத்தவன் சொத்து முடிகிற இடமாக.

எழுத்தர் அதை அப்படியே புதுப் பத்திரத்தில் இறக்கிக்கொண்டிருந்தார். "மாத்தி எழுதுங்க" என்றேன். "மூலப்பத்திரத்துல இருக்கறபடிதானுங்க அம்மிணி எழுதோணும், இல்லீனா பின்னால வில்லங்கமாயிரும்." "இப்ப அங்க யாரு குடியிருக்காங்களோ அவங்க பேரப் போட்டுத் தற்போதைய எல்லைன்னு எழுதலாமில்ல?" என்று கேட்டேன். எழுதலாம்தான் என்று ஒப்புக்கொண்டார். தெற்கெல்லையை ஒட்டி நாலு வீடு. தம்பி வண்டியெடுத்துப் போய் நாலு பேருடைய பேரையும் அப்பன் பேரையும் கேட்டு எழுதிக்கொண்டு வந்தான். பதிவு அன்றைக்கு ஒரு மணி நேரம் தாமதமானது. விற்றவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். ஆனால் பதிவானது.

இனி இடிப்பது. சாவி கைக்கு வந்ததும் அம்மாவைக் கூட்டிப் போனேன். இது எங்கள் ஊர் இல்லை, வேறு தாலுகா. அம்மா இந்த வீட்டைப் பார்த்ததே கிடையாது. ஆனால் பொடக்காலிப் பக்கம் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். தண்ணித்தொட்டி இங்கே இருந்திருக்கும், சாணிக்கூடை இங்கே, பண்ணாடி வீட்டம்மா நிற்கிற படி இது, நாம் போசியை வைத்துவிட்டு எட்டி நிற்கிற இடம் அது. அத்தனையும் சரி. அப்புறம் முன்பக்கம் வந்தோம். ஆசாரத்தைக் காட்டி, "இது நெல்லுக் கொட்டற ரூமா?" என்று கேட்டாள். ஐம்பது வருசம் இப்படிப்பட்ட வீடுகளில் வேலை செய்தவளுக்கு வீட்டின் பின்பாதி மனப்பாடம். முன்பாதி தெரியாது.

எங்களோடு இயக்க வேலை செய்கிற ஒரு தோழர், கட்டடக் கலை படித்தவர், நம் சாதி இல்லை, நல்ல மனுசன். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கண் கலங்கிவிட்டார். "இதை இடிக்காதீங்க. இந்த மாதிரித் தேக்கு நிலவு இனிக் கிடைக்காது. வெயில் காலத்துல உள்ள எப்படிக் குளுகுளுன்னு இருக்கு பாருங்க. இது நம்ம பாரம்பரியம்" என்றார். யாருடைய பாரம்பரியம் என்று கேட்டேன். அவர் விடவில்லை. "நீங்க கட்டுனதுதானே? உங்க பாட்டிங்க உழைப்புதானே? அதை நீங்களே அழிக்கலாமா? அப்புறம் இன்னொண்ணு, இது சாட்சி. போலந்துக்காரன் ஆஷ்விட்ஸ் முகாமை 1947-லயே அருங்காட்சியகமா மாத்துனானே, இடிக்கலயே. சாட்சிய அழிச்சிட்டா நாளைக்கு அப்படி ஒண்ணும் நடக்கவே இல்லன்னு சொல்லுவானுங்க."

இந்த வாதம் லேசானது இல்லை. இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. வீடு போனால் படி போகும், போசி வைத்த இடம் போகும். நாளைக்கு என் தம்பி மகளே, "சும்மா கதை விடாதீங்க அத்தை" என்று சொல்லலாம்.

ஆனாலும் அவர் சொன்னதில் ஒரு இடறல் இருக்கிறது. ஆஷ்விட்ஸை அருங்காட்சியகம் ஆக்கினார்கள். அதில் தப்பித்து வந்தவர்களைப் பார்த்து, நீங்களே சொந்தக் கடனில் இதை விலைக்கு வாங்கிப் பாதுகாத்துக் கொடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. கொடுமையின் சாட்சியைக் காக்கிற வேலையைக் கொடுமைக்கு ஆளானவன் தலையிலேயே, அவன் பேங்க் கடனிலேயே கட்டுவது என்ன நியாயம்? அந்தச் சமையல்கட்டுப் படியில் தினமும் காலை வைத்து என் அம்மா காபி போட வேண்டுமா? 1917-இல் அம்பேத்கர் பரோடாவில் வேலைக்குப் போனபோது தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து துரத்தினார்கள். பூங்காவில் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அதே ஆள் 1930-களில் பம்பாய் தாதரில் தன் புத்தகங்களுக்கு இடம் இருக்கிற மாதிரி ராஜகிருகத்தைக் கட்டினார். நமக்கு வேண்டியது நம் அளவுக்கு, நம் வாழ்க்கைக்கு என்று புதிதாகக் கட்டப்பட்ட வீடு. அடுத்தவனுக்குக் கட்டியே பழகிய கை ஒருமுறை தனக்குக் கட்டிப் பார்க்க வேண்டாமா?

சாட்சிக்கு வேறு வழி இருக்கிறது. இடிப்பதற்கு முந்தின நாள் டேப் பிடித்து அளந்தேன். படியிலிருந்து போசி வைக்கிற இடத்துக்கு ஏழு அடி. அம்மாவை நிற்க வைத்து அளந்தது. நோட்டில் படம் போட்டு எழுதி வைத்தேன். இப்போது இங்கே அச்சிலும் வந்துவிட்டது. ஏழு அடி.

இடிக்க வந்த ஆட்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? தெற்கு வளவுக்காரர்கள்தான். கான்ட்ராக்ட் எடுத்தவர் வேறு ஆள். ஓடு, மரம், கதவு, நிலவு எல்லாவற்றையும் அவர் எடுத்துக்கொண்டு எங்களுக்கு ஒரு தொகை கொடுப்பதாகப் பேச்சு. "அந்த நெலவ மட்டும் சும்மா குடுத்துறாத கண்ணு, பழைய மரக்கடையில தனி வெல போகும்" என்று அம்மா நின்று பேரம் பேசினாள். எனக்கு இருந்த வலி எதுவும் அவளுக்கு இருக்கவில்லை. அல்லது இருந்ததை அவள் விலையில் காட்டினாளோ என்னவோ. கூரை இறங்க இரண்டு நாள், சுவர் சாய ஒரு நாள். கட்டும்போதும் நம் கை, இடிக்கும்போதும் நம் கை. கூலி மட்டும் இந்தத் தடவை நான் கொடுத்தேன். எவ்வளவு கொடுப்பது என்று நானும் தம்பியும் கணக்குப் போட்டபோது ஊர் ரேட் என்ன என்றுதான் முதலில் விசாரித்தோம். அதையும் எழுதிவிடுகிறேன்.

இதற்குப் பிறகுதான் உண்மையான சோதனை. இஞ்சினியர் பிளான் கொண்டுவந்தார். மூன்று பக்கம் நாலு அடிச் சுற்றுச்சுவர். தெற்கே மட்டும் பத்து அடி. ஏன் என்று கேட்டேன். "அந்தப் பக்கம் காலனிங்களே, பாதுகாப்புக்குங்க" என்றார். எங்கள் சாதி அவருக்குத் தெரியாது. நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "ஆமாங்க, அந்தப் பக்கம் நல்லா ஒசரமாக் கட்டீருங்க."

வீட்டுக்கு வந்து சண்டை. "ஏம்மா இப்படிச் சொன்னே? நாமளும் வளவுதானே?" அம்மா அழவில்லை, கத்தவில்லை. "வளவுலயேதான் கண்ணு அறுபது வருசம் இருந்தேன். செவுரு இல்லீனா ஊர்க்காரன் நம்மளயும் வளவோட சேத்துத்தான் பாப்பான். அப்பறம் எதுக்கு இத்தன கடன் வாங்கி இங்க வந்தது?"

அவளை நான் குறை சொல்லமாட்டேன். அன்று ராத்திரி எனக்கும் அந்தச் சுவர் வேண்டும்போல்தான் இருந்தது. பத்து அடிச் சுவர் இருந்தால் நான் யார் என்று வடக்கு வீதியில் யாரும் உடனே கேட்கமாட்டார்கள். நாலு கேள்வியிலிருந்து விடுதலை. இயக்க மேடையில் பேசுகிறவள்தான் நான். ஆனாலும் அந்த ஆசை வந்தது.

அப்போது நடூர் ஞாபகம் வந்தது. 2019 டிசம்பர் 2, விடியற்காலை, மேட்டுப்பாளையம் நடூர். விடாத மழை. ஒரு பெரிய வீட்டின் சுற்றுச்சுவர், சுமார் 20 அடி உயரக் கருங்கல் சுவர், பக்கத்தில் இருந்த நம் சனத்தின் ஓட்டு வீடுகள்மேல் விழுந்தது. தூக்கத்திலேயே 17 பேர் செத்தார்கள். அந்தச் சுவர் ஆபத்து என்று அந்த மக்கள் முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். நியாயம் கேட்டவர்கள்மேல் தடியடி நடந்தது, கைது நடந்தது. அன்றைக்கு நாமெல்லாம் அதைத் தீண்டாமைச் சுவர் என்று எழுதினோம். நானும் எழுதினேன். இப்போது என் பிளானில் அதே மாதிரி ஒரு சுவர், பாதி உயரத்தில். அருந்ததியப் பெண் கட்டினால் அதற்கு வேறு பெயரா?

மறுநாள் தெற்கு வளவுக்குப் போனேன். பத்திரத்தில் பெயர் எழுதிய நாலு வீட்டுக்காரர்களையும் பார்த்தேன். நான் சுவரைப் பற்றித் தயங்கித் தயங்கிப் பேச, ஒரு அக்கா சாதாரணமாகச் சொன்னார்: "செவுரு எவ்ளோ வேணாக் கட்டிக்கோங்க அம்மிணி. மழத்தண்ணிய மட்டும் எங்க பக்கம் விட்றாதீங்க. அந்தப் பண்ணாடி வூட்டுத் தண்ணி பூராம் இத்தன வருசமும் எங்க வூட்டுக்குள்ளதான் வந்துச்சு." நான் சுவரைத் தத்துவமாக யோசித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அது தண்ணீர். நடூரிலும் மழை பெய்த ராத்திரியில்தானே சுவர் வந்து விழுந்தது.

"நாங்களும் வளவுதானுங்க்கா" என்று சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்புடியா? அப்பறம் எதுக்கு வாசல அந்தப் பக்கம் பாத்து வெக்கறீங்க?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. வடக்கேதான் வீதி, பிளான் அப்படித்தான் பாசாகும் என்று சொல்லியிருக்கலாம். உண்மையும்கூட. ஆனால் அவர் கேட்டது அதை இல்லை.

தெற்குச் சுவரும் நாலு அடிதான் என்று முடிவு செய்தோம். மழைத்தண்ணீர் வடக்கு வீதிச் சாக்கடைக்குப் போகிற மாதிரி இடத்தை மேடு தட்டிக் கொடுக்க எக்ஸ்ட்ரா செலவு. தெற்கே ஒரு சின்ன கேட். அம்மாவுக்குத் திருப்தி இல்லை. கேட் வைத்த அன்றைக்கு என்னோடு பேசவில்லை. அவள் பயம் பொய்யில்லை. அந்தக் கேட்டைப் பார்த்துத்தான் ஊர் எங்களைத் தெரிந்துகொண்டது.

ஆக, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இவ்வளவுதான். விலை கொடுத்து வாங்குவதால் கணக்குத் தீராது. வாங்குவது நமக்குச் சுவரை இடிக்கிற உரிமையைக் கொடுக்கும். எல்லையை அது தொடாது. நாம் எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டோம் என்பதாலேயே எல்லை அழிந்துவிட்டது என்று நினைத்தால், நாளைக்கு அதைக் காவல் காக்கிற ஆளாக நாமே நிற்போம். படித்து, வேலைக்குப் போய், கடன் வாங்கி மனை வாங்குகிற நம் தலைமுறைக்கு முன்னால் இருக்கிற கேள்வி இதுதான்: அந்தப் பக்கம் இருப்பவர்கள் நம் பத்திரத்தில் ஆளா, வேலியா?

ஒரு வேண்டுகோள். மாணவர்களும் தோழர்களும் அவரவர் ஊரில் யாருடைய மூலப்பத்திரம் கையில் கிடைத்தாலும் நான்கெல்லையைப் படித்துப் பாருங்கள். பறையர் சேரி, பள்ளர் தெரு, சக்கிலியர் வளவு என்று நாம் எத்தனை பத்திரத்தில் வேலியாக இருக்கிறோம் என்று குறித்து வையுங்கள். அங்கே அப்போது யார் குடியிருந்தார்கள் என்று வயசானவர்களிடம் கேட்டு, பெயரோடு எழுதுங்கள். கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே கேளுங்கள்.